பின்சீட்டுக்குக் கீழே

மேம்பாலத்தின் ஏற்றத்தில் பாதி வழி போனதும் கார் ஒரு முறை இருமிவிட்டு நின்றது. பின்னால் வந்த வண்டிகள் எல்லாம் ஒரே குரலில் ஹாரன் அடிக்கத் தொடங்கின. ஒருவன் பக்கத்தில் வந்து கண்ணாடியைத் தட்டி, "ஏம்மா, இதையெல்லாம் ஏன் ரோட்டுக்குக் கொண்டு வர்றீங்க? மியூசியத்துல கொண்டுபோய் நிறுத்துங்க," என்று சொல்லிவிட்டுப் போனான். அவன்மேல் அவளுக்குக் கோபம் வரவில்லை. அவன் சொன்னதில் ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை. அவளுடைய கோபம் முழுவதும் அந்த நேரத்தில் ஏ.சி. அறையில் உட்கார்ந்து யாருக்கோ கண் பரிசோதனை செய்துகொண்டிருந்த கணவர்மேல் இருந்தது.

அவள் பிசியோதெரபிஸ்ட். ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பியவர்களுக்கு அவரவர் வீட்டுக்கே போய்ப் பயிற்சி கொடுப்பாள். மடக்கிவைக்கும் கட்டில் ஒன்று, பந்துகள், ரப்பர் பட்டைகள், கைக்கு மின்சாரம் கொடுக்கும் கருவி எல்லாம் காரின் டிக்கியில் இருக்கும். கார் இல்லாவிட்டால் பாதி வேலை இல்லை. அன்று பக்கவாதம் வந்து தேறிக்கொண்டிருந்த ஒரு பஸ் டிரைவர் அவளுக்காகக் காத்திருந்தார். கம்பியைப் பிடிக்காமல் அவர் முதல் முறையாக நடந்து பார்க்க வேண்டிய நாள் அது. "நீங்க வந்தப்புறம்தான்மா காலைத் தரையில வைப்பேன்," என்று முந்தின நாள் குழந்தை மாதிரி சொல்லியிருந்தார்.

யாரோ நல்லவர்கள் சேர்ந்து தள்ளி, காரை ஓரம் கட்டினார்கள். அது கொஞ்ச நேரம் ஓய்வெடுத்துவிட்டு, எதுவும் நடக்காததுபோலத் தானாகவே ஸ்டார்ட் ஆனது. அவள் போய்ச் சேர்ந்தபோது பஸ் டிரைவர் தரையில் உட்கார்ந்திருந்தார். பொறுமை இழந்து தானே எழுந்து நடக்கப் பார்த்து விழுந்திருந்தார். எலும்புக்கு ஒன்றுமில்லை, முழங்கையில் தோல் வழன்றிருந்தது, அவ்வளவுதான். ஆனால் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு, "இனிமே நடக்கலாம்னு எனக்குத் தோணல," என்றார்.

அவருடைய மனைவி வாசல் வரைக்கும் வந்து கத்தினார்: "கார் நின்னுடுச்சு, கார் நின்னுடுச்சுன்னு எத்தனை தடவை சொல்லுவீங்க? உங்க கார் கதையை நாங்க ஏன் கேக்கணும்? வர முடியலன்னா வேற ஆளைப் பாத்துக்கறோம்!"

அவள் கருவிகளை மறுபடி டிக்கியில் ஏற்றினாள்.

அந்தக் காருக்கு வீட்டில் இரண்டு பெயர். கணவர் வைத்த பெயர் ராஜா. அவள் வைத்த பெயர் சனியன். மகள் யாரோடு பேசுகிறாளோ அவர்களுக்கு ஏற்ற பெயரைச் சொல்லிக்கொள்வாள். வால்தனம் அதிகம் என்பதால் அவளுக்கும் வீட்டில் வாலு என்றுதான் பெயர்.

சாயங்காலம் கணவர் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு உள்ளே வந்ததும், செருப்பைக்கூடக் கழற்றவிடாமல் ஆரம்பித்தாள்.

"இன்னைக்கு மேம்பாலத்துல நின்னுடுச்சு. எனக்கு இந்த வண்டி வேண்டாம். வித்துடுங்க, உடைச்சுடுங்க, கடல்ல தள்ளுங்க. எனக்கு வேண்டாம்."

"ஃப்யூயல் பம்ப்பா இருக்கும்," என்றார் அவர், நோயின் பெயர் தெரிந்துவிட்ட சந்தோஷத்தோடு. "சின்ன விஷயம். ஸ்பேனர்கிட்ட சொல்றேன், நாளைக்கே மாத்திடுவாரு."

ஸ்பேனர் என்பது ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் மெக்கானிக். உண்மைப் பெயர் அந்தத் தெருவிலேயே யாருக்கும் நினைவில்லை.

"போன மாசம் எது சின்ன விஷயம்? அதுக்கு முந்தின மாசம் எது?"

"இங்க பாரு. கோபப்படாம யோசி. கிளட்ச் புதுசு. ரேடியேட்டர் புதுசு. பேட்டரி புதுசு. இப்ப பம்ப்பும் புதுசாயிடும். பாதி வண்டி புதுசு. இந்த நேரத்துல வித்தா, நாம போட்டதெல்லாம் எவனோ அனுபவிப்பான்."

"போட்டுட்டோமேங்கறதுக்காகவே இன்னும் போட்டுக்கிட்டே இருக்கறதா? இதுக்கு முடிவே கிடையாதா?"

"புது வண்டி வாங்கினா அது மட்டும் நிக்காதா? வண்டின்னா நிக்கத்தான் செய்யும்."

"நின்னா நிக்கட்டும். ஆனா நிக்கும்போது உள்ள நீங்க இருங்க!" அவள் குரல் உயர்ந்ததைக் கேட்டு உள்ளே வாலு டி.வி.யின் சத்தத்தைக் குறைத்தாள். "ஞாயித்துக்கிழமை பானட்டைத் திறந்து வெச்சுக்கிட்டு கையில கரி பூசிக்கறது நீங்க. நடுரோட்டுல திட்டு வாங்கறது நான். இன்னைக்கு ஒரு மனுஷன் கீழ விழுந்து கிடந்தாரு, தெரியுமா? நாளைலேருந்து காரை நீங்க எடுத்துட்டுப் போங்க. ஸ்கூட்டரை எங்கிட்ட கொடுங்க."

"உன் கட்டில், சாமானெல்லாம்?"

"அது என் கவலை."

அவர் தோளைக் குலுக்கிக்கொண்டு சாவியை வாங்கிக்கொண்டார். அந்தக் குலுக்கலைப் பார்த்ததும் அவளுக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது.

அடுத்த நாள் பம்ப் மாற்றப்பட்டது. அதற்குப் பிறகு நடந்ததுதான் கொடுமை. கார் அவர் கையில் நின்று தொலைக்கவே இல்லை. முதல் சாவியில் ஸ்டார்ட் ஆனது. மழையில் ஓடியது. மேம்பாலத்தில் குதிரை மாதிரி ஏறியது. காலையில் வாலுவைப் பின்சீட்டில் உட்காரவைத்துப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு, அப்படியே தான் வேலை பார்க்கும் கண்ணாடிக் கடைக்குப் போனார். சாயங்காலம் வந்து சாவியை மேஜையில் போடும்போது ஒரு சின்னச் சிரிப்பு.

"ஓட்டற விதத்துல ஓட்டணும். அதுக்கு ஒரு கை வேணும்," என்றார் ஒரு நாள்.

அவள் ஸ்கூட்டரில் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, கட்டில் இல்லாமல், நோயாளிகளின் குழிவிழுந்த மெத்தைகளில் முட்டி போட்டு வேலை செய்துவிட்டு வந்திருந்தாள். இடுப்பு விண்விண் என்று தெறித்தது. கையில் இருந்த டம்ளரை அவர்மேல் எறியாமல் சிங்க்கில் வைத்ததற்கே தனக்கு ஒரு பட்டம் கொடுக்கவேண்டும் என்று நினைத்துக்கொண்டாள். 'எனக்கு மட்டும்தான் நிக்குதா? நான் ஓட்டறதுதான் சரியில்லையா?' என்றுகூட ஒரு கணம் தோன்றியது. தோன்றியதற்காகவும் அவர்மேல் கோபம் வந்தது.

அப்புறம் ஒரு மதியம், மறுபடி நடக்கப் பழக ஆரம்பித்திருந்த பஸ் டிரைவர் வீட்டுக்குப் போகும் வழியில், சிக்னலில் ஸ்கூட்டரை நிறுத்தியிருந்தாள். குறுக்குச் சாலையில் ஒரு சின்ன லாரி மெதுவாகப் போனது. அதன் பின்னால் கயிற்றில் கட்டி ஒரு காரை இழுத்துக்கொண்டு போனார்கள். காரின் பின்பக்கம் ஒரு பக்கமாகச் சாய்ந்து, சக்கரம் உள்ளே மடங்கியிருந்தது. கால் பிசகியவர் நடப்பதுபோல இருந்தது அது போன விதம். தொழில் பழக்கத்தில் முதலில் அந்தச் சாய்வைத்தான் பார்த்தாள். பிறகுதான் காரைப் பார்த்தாள். அப்புறம் உள்ளே ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, நேராகப் பார்த்தபடி உட்கார்ந்திருந்த கணவரைப் பார்த்தாள். அவர் அவளைக் கவனிக்கவில்லை.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. நிஜமாகவே வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். பக்கத்து வண்டிக்காரர் திரும்பிப் பார்த்தார். வரட்டும் சாயங்காலம், அந்தக் கையைப் பற்றி விசாரித்துக்கொள்ளலாம் என்று ஆசையாக இருந்தாள்.

சாயங்காலம் அவர் ஆட்டோவில் வந்து இறங்கினார்.

"வண்டி எங்க?" என்று கேட்டாள், முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு.

"வாட்டர் வாஷுக்கு விட்டிருக்கேன்," என்றார் அவர். "நல்லா ஓடுது. கொஞ்சம் அழுக்கா இருந்துச்சு. நாளைக்கு ஸ்பேனர் தந்துடுவாரு."

சொல்லிவிட்டு வாலுவின் தலையைத் தடவிக்கொண்டு உள்ளே போனார். அவ்வளவு சரளமாக வந்தது அந்தப் பொய். தேடிப் பிடித்துச் சொன்ன பொய்யாகத் தெரியவில்லை. பலநாள் பழகிய பொய்யாகத் தெரிந்தது. மதியத்திலிருந்து அவள் வைத்திருந்த சிரிப்பு எங்கேயோ போய்விட்டது. நானும் பார்த்தேன் என்று சொல்ல வாயைத் திறந்தவள் மூடிக்கொண்டாள். கார் நின்றதற்கு எதற்குப் பொய்? நின்றுவிட்டது என்று சொல்லி, நான்கு வசவு வாங்கிக்கொண்டு போகவேண்டியதுதானே? இதில் வேறு ஏதோ இருக்கிறது.

மறுநாள் காலையில் அவர் பஸ்ஸில் போனதும், அவள் ஒர்க்‌ஷாப்புக்குப் போனாள்.

காரை லிஃப்டில் தலைக்கு மேலே தூக்கி நிறுத்தியிருந்தார்கள். ஸ்பேனர் கீழே நின்று, டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அவளைக் கண்டதும் டார்ச்சை அணைத்தார்.

"சார் வரலீங்களா?"

"வண்டிய ஓட்டறது நான்தான் அண்ணே. எங்கிட்ட சொல்லுங்க. என்ன ஆச்சு?"

"சார் வந்துடட்டும் மேடம். அவர்கிட்ட பேசிக்கறேன்."

"ஏன், எனக்குத் தமிழ் புரியாதா?"

ஸ்பேனர் துணியில் கையைத் துடைத்தார். துடைத்த கையையே மறுபடி துடைத்தார். அவள் டார்ச்சை அவர் கையிலிருந்து பிடுங்கி, காருக்கு அடியில் போய் நின்று மேலே அடித்தாள். பின் சக்கரத்தைத் தாங்கிப் பிடிக்கும் இடத்தில் இரும்பு இல்லை. இரும்பு இருந்த இடத்தில், நனைந்து காய்ந்த அட்டை மாதிரி, அடுக்கடுக்காகப் பழுப்பு நிறத்தில் ஏதோ தொங்கிக்கொண்டிருந்தது. அதன்மேல் இங்கொன்றும் அங்கொன்றுமாகத் தகடு வைத்து ஒட்டியிருந்தார்கள். ஒட்டிய தகடு அப்படியே இருந்தது. அதைச் சுற்றியிருந்ததுதான் பிய்ந்து வந்திருந்தது. விரலால் தொட்டாள். தொட்ட இடம் பொடிந்து அவள் முகத்தில் விழுந்தது. உள்ளே விட்ட விரல் துணியில் இடித்தது.

"இது என்ன துணி?"

"பின்சீட்டு விரிப்பு," என்றார் ஸ்பேனர், தரையைப் பார்த்துக்கொண்டு.

அவள் வெளியே வந்தாள். கண்ணில் துரு விழுந்து எரிந்தது.

"இது எப்போலேருந்து இப்படி இருக்கு?"

"போன வருஷமே சாருக்குக் காட்டினேன் மேடம். மேல எல்லாம் மாத்திடலாம், அடி போயிடுச்சு, இதோட விட்டுடுங்கன்னு சொன்னேன். ஒரு தகடு வெச்சுக் கொடுங்க, கொஞ்ச நாள் ஓடட்டும்னாரு. அப்புறம் இன்னொண்ணு வெச்சோம். நல்ல இரும்புல வெல்டு பிடிக்கும். துருவுல எப்படிப் பிடிக்கும்? பின்னால யாரையும் உக்கார வெக்காதீங்கன்னு சொன்னேன்."

"பின்னால என் பொண்ணு உக்காந்துக்கிட்டு இருக்கா. தினமும்."

ஸ்பேனர் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு தலையைக் குனிந்தார்.

"எத்தனை தடவை இந்த வண்டிய நானே இங்க கொண்டு வந்து விட்டிருக்கேன்? ஒரு தடவை, ஒரே ஒரு தடவை எங்கிட்ட சொன்னீங்களா?"

"வண்டி சார் பேர்ல இருக்கு மேடம். வீட்டுல சொல்ல வேண்டாம், பயந்துடுவாங்கன்னு சொன்னாரு. குடும்ப விஷயத்துல நான் எப்படி..."

"குடும்பமே செத்துப்போனப்புறம் வந்து துக்கம் விசாரிச்சிருப்பீங்களா?"

அவர் முகம் கறுத்தது. அவள் அதற்காக வருத்தப்படவில்லை. தொங்கிக்கொண்டிருந்த துருவில் உள்ளங்கை அளவு ஒரு துண்டைப் பிய்த்தாள். அது ரொட்டி மாதிரி கையோடு வந்தது. அதைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு ஸ்கூட்டரை எடுத்தாள்.

கண்ணாடிக் கடையில் நாலைந்து பேர் காத்திருந்தார்கள். கவுன்டரில் இருந்த பெண், "மேடம், சார் டெஸ்ட்ல இருக்காரு," என்று சொல்வதற்குள் அவள் கதவைத் திறந்துவிட்டாள். இருட்டான சின்ன அறை. நாற்காலியில் ஒரு பெரியவர் கனமான சோதனைச் சட்டத்தை மூக்கில் மாட்டிக்கொண்டு, எதிர்ச் சுவரில் வெளிச்சமாகத் தெரிந்த எழுத்துகளை ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டிருந்தார். கணவர் கையில் ஒரு லென்ஸோடு திரும்பினார்.

அவள் கைக்குட்டையைப் பிரித்து, லென்ஸ்களை வரிசையாக அடுக்கிவைத்திருந்த தட்டில் அந்தத் துண்டை வைத்தாள். வைத்த வேகத்தில் அது உடைந்து லென்ஸ்கள்மேல் பழுப்பாகச் சிதறியது.

"ஊருக்கெல்லாம் கண்ணு பாக்கறீங்களே, இதையும் கொஞ்சம் பாருங்க. இது என்னன்னு தெரியுதா?"

அவருக்குத் தெரிந்தது. அவர் முகத்திலேயே தெரிந்தது. அதுதான் அவளால் தாங்கமுடியாமல் போனது. 'என்ன இது?' என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால்கூடக் கொஞ்சம் மிச்சம் இருந்திருக்கும்.

"வெளிய போய்ப் பேசலாம்," என்றார் மெதுவாக.

"வேண்டாம். இங்கேயே பேசலாம். இது நம்ம பொண்ணு உக்காந்திருந்த இடம். இதுக்கு மேல ஒரு விரிப்பு, அதுக்கு மேல அவ. கீழ ரோடு. உங்களுக்கு ஒரு வருஷமா தெரியும்."

நாற்காலியில் இருந்த பெரியவர் சட்டத்தைக் கழற்றவும் தெரியாமல், எழுந்து போகவும் தெரியாமல், எழுத்துகளையே வெறித்துக்கொண்டிருந்தார்.

"வெல்டு தாங்கும்னு நினைச்சேன்," என்றார் கணவர். "சத்தியமா நினைச்சேன். இன்னும் ஆறு மாசம் ஓட்டிட்டா..."

"ஓட்டிட்டா? ஓட்டிட்டா என்ன? அதைச் சொல்லுங்க."

அவர் கண் திறந்திருந்த கதவுப்பக்கம் போனது. அவள் விடவில்லை. கதவைச் சாத்திவிட்டு அதன்மேல் சாய்ந்து நின்றுகொண்டாள். கடைசியில் அவர் லென்ஸைக் கீழே வைத்தார்.

"வாங்கின அன்னைக்கு சாப்பாட்டு மேஜையில அண்ணன் எல்லார் முன்னாடியும் சொன்னாரு. 'ஏமாந்துட்டான், இந்த வண்டி அஞ்சு வருஷம்கூடத் தாங்காது, இவனுக்கு ஒரு பொருள் வாங்கத் தெரியாது'ன்னு. பத்து வருஷம் ஓட்டிக் காட்டறேன்னு சொன்னேன். எல்லாரும் சிரிச்சாங்க." தட்டில் சிதறிய துருவை விரலால் ஒதுக்கினார். "பத்து வருஷம் முடிய இன்னும் ஆறு மாசம்தான் இருக்கு."

அவளுக்கு முதலில் காதில் விழுந்தது சரிதானா என்று சந்தேகமாக இருந்தது. இதற்குப் பின்னால் ஏதாவது பெரிய காரணம் இருக்கும் என்றுதான் வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தாள். யாருக்கோ ஜாமீன் போட்டிருக்கலாம், வேலை போகப்போகிறதாக இருக்கலாம். ஒன்றுமே இல்லை. ஒரு ஆள் சாப்பாட்டு மேஜையில் வாய்க்கொழுப்பாகச் சொன்ன ஒரு பேச்சு.

"உங்க அண்ணன் வாயை அடைக்க என் பொண்ணுதான் கிடைச்சாளா?" என்றாள். கத்தவில்லை. கத்தத் தெம்பில்லை.

அவர் நின்ற இடத்திலேயே ஸ்டூலில் உட்கார்ந்தார். கையில் ஒட்டியிருந்த துருவைப் பார்த்தார். அழுதார். அவள் அதையும் பார்த்தாள். வழக்கமாக அவர் அழுதால் இளகிப்போகிறவள்தான். அன்று இளகவில்லை.

"கண்ணைத் துடைச்சுக்கிட்டு இவரைப் பாருங்க. பாவம், எவ்வளவு நேரமா அதை மாட்டிக்கிட்டு உக்காந்திருக்காரு," என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள்.

அன்று சாயங்காலம் அவர் நேராக ஒர்க்‌ஷாப்புக்குப் போனார் என்று ஸ்பேனர் போனில் சொன்னார். வெள்ளைச் சட்டையோடு காருக்கு அடியில் போய் நின்று, யாரும் சொல்லாமலே ஸ்க்ரூடிரைவரை எடுத்து ஒவ்வொரு இடமாகக் குத்திப் பார்த்தாராம். குத்திய இடமெல்லாம் ஓட்டையாம். அப்புறம் வண்டியை உடைக்கக் கொடுப்பதற்கு வேண்டிய காகிதங்களில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனாராம். "நானும் உங்ககிட்ட சொல்லியிருக்கணும் மேடம்," என்றார் ஸ்பேனர். "ஆமா, சொல்லியிருக்கணும்," என்றாள் அவள். போனை வைத்துவிட்டாள்.

பழைய இரும்புக்காரர்கள் வந்து காரை ஏற்றிக்கொண்டு போன அன்று வாலு மட்டும் அழுதாள். சனியனுக்காக அழுதாளா ராஜாவுக்காக அழுதாளா என்று யாரும் கேட்கவில்லை.

அடுத்த காரை அவளே தேர்ந்தெடுத்தாள். அதுவும் பழையதுதான், ஆனால் இன்னும் வயசாகாதது. விற்பவர் சீட்டுத் துணியைப் பற்றியும் பாட்டுப் பெட்டியைப் பற்றியும் பேசிக்கொண்டே இருந்தார். "அதெல்லாம் அப்புறம். முதல்ல தூக்கிக் காட்டுங்க," என்றாள். லிஃப்டில் ஏற்றி, டார்ச் வாங்கி, ஒரு மூலை விடாமல் அடியில் பார்த்துவிட்டுத்தான் மேலே பார்த்தாள். தன் பெயரில் பதிவு செய்தாள். கணவர் கூடவே நின்றார். கேட்டால் மட்டும் பேசினார்.

இரண்டாவது வாரம் அவருடைய அண்ணன் வந்தார். வாசலில் நின்ற காரை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, உள்ளே வந்து உட்கார்ந்ததும் சிரித்தார்.

"என்னடா, ராஜா போயிட்டாரா? பத்து வருஷம் ஓட்டிக் காட்டறேன்னியே! நான் அன்னைக்கே சொல்லல?"

கணவர் தலையைக் குனிந்துகொண்டார். அவள் சமையலறையிலிருந்து ஈரக் கையோடு வெளியே வந்தாள்.

"மாமா, ஒரு நிமிஷம். நீங்க சொன்னது சரிதான். வண்டி சரியில்லை. ஆனா நீங்க அதை அன்னைக்கு இவரைத் தனியா கூப்பிட்டுச் சொல்லியிருந்தா, இவரு போன வருஷமே அதை வித்திருப்பாரு. எல்லார் முன்னாடியும் சிரிச்சீங்க. அந்தச் சிரிப்புக்குப் பதில் சொல்றேன்னு இந்த மனுஷன், அடி இல்லாத வண்டில என் பொண்ணை உக்கார வெச்சு ஓட்டியிருக்காரு. தப்பு இவரு செஞ்சது. அதுக்கு நான் இவரை இன்னும் விடல. ஆனா இந்த வீட்டுல அதைச் சொல்லிச் சிரிக்க யாருக்கும் உரிமை கிடையாது. உங்களுக்கும்தான்."

அண்ணன் நிமிர்ந்து உட்கார்ந்தார். "இவ்வளவு தூரம் எனக்குத் தெரியாதும்மா," என்றார். குரலில் சிரிப்பு இல்லை. காப்பியைக் குடித்துவிட்டுச் சீக்கிரமே கிளம்பினார். வாசல் வரைக்கும் போனவர் திரும்பி வந்து, தம்பியின் தோளில் கையை வைத்தார். என்ன சொன்னார் என்று அவளுக்குக் கேட்கவில்லை. அவரிடம் கேட்டுப் பார்க்கவும் இல்லை.

கணவரிடம் அவள் இன்னமும் சரியாகப் பேசுவதில்லை. வீட்டு விஷயம், வாலு விஷயம், அவ்வளவுதான். அவரும் மன்னிப்புக் கேட்டுக் கேட்டு அலுத்து, இப்போது வேறு ஒரு பழக்கத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறார். வீட்டுக்கு வந்ததும் அன்றைக்கு நடந்தது எல்லாவற்றையும் ஒன்று விடாமல் ஒப்பிக்கிறார். ஸ்கூட்டரின் பின் பிரேக்கில் சத்தம் வருகிறது, கடையில் ஒருவருக்குத் தப்பான கண்ணாடி கொடுத்துவிட்டேன், வாலு கணக்கில் பெயில், மதிப்பெண் அட்டையில் கையெழுத்தை என்னிடம்தான் வாங்கினாள். அவள் காய் நறுக்கிக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல் கேட்டுக்கொள்கிறாள்.

"பிரேக்கை நாளைக்கே காட்டுங்க," என்றாள் நேற்று.

"சரி," என்றார் அவர்.

காலையில் அவருக்கு முன்னால் அவளே ஸ்கூட்டரை எடுத்துத் தெருக்கோடி வரைக்கும் ஓட்டி, பிரேக்கைப் பிடித்துப் பார்த்துவிட்டு வந்தாள். அவர் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். சொன்னது உண்மைதான், சத்தம் வந்தது. சாவியை அவர் கையில் கொடுத்துவிட்டு, தன் காரை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். பஸ் டிரைவர் தெரு வரைக்கும் நடந்து வந்து காத்திருப்பதாகச் சொல்லியிருந்தார்.